பிரேக் பெடலைக் கழற்றிய பிறகு

கண்ணான தம்பி குருசாமி,

இப்படி அழைத்தால் நீ சிரிப்பாய். நீ இருந்தவரை உனக்கு நான் எழுதியதெல்லாம் எந்த லோடை எங்கே இறக்க வேண்டும் என்ற துண்டுச் சீட்டுகள்தான்.

புளியமரத்தில் மோதிய நாளிலிருந்து ஷெட்டிலேயே கிடந்த அப்பாவின் பழைய பிக்கப் வண்டியைச் சென்ற வாரம் வெளியே எடுத்தோம். சரிசெய்து விற்றுவிடுவது என் திட்டம். மெக்கானிக் காசி வந்தார். பட்டாசு வெடி ஏற்றிய வண்டியில் எடுத்தவுடன் வெல்டிங் வைக்க இந்தப் பக்கத்தில் எவரும் துணிவதில்லை என்பது உனக்குத் தெரியும். பலகைகளைப் பெயர்த்து, இடுக்குகளில் படிந்த வெடிமருந்துத் தூசியைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டார்.

மூன்றாம் நாள் பெடல்களில் கைவைத்தார். ஸ்பிரிங்கை விடுவித்து, பெடலைக் கோத்திருக்கும் துருவேறிய இரும்புப் பின்னுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் தட்டினார். கிளட்ச் பெடல் பிடிவாதம் செய்தது. பிரேக் பெடலோ தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

ரப்பர் இருந்த இடத்தில் வெறும் இரும்பு. அதுவும் வழவழப்பாகத் தேய்ந்து நடுவில் குழிந்திருந்தது. தீப்பொறிக்குப் பயந்து வெடி கம்பெனி வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் பழகிய நீ வண்டியையும் வெறுங்காலில்தான் ஓட்டினாய். அந்தக் குழி உன் பாதத்தினுடையது. இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மழையில் நனைந்த கால் அதில் வழுக்கும், அவ்வளவுதான்.

“அக்கா, பின் போற இந்த ஓட்டையப் பாருங்க. வட்டமாவா இருக்கு? முட்டை மாதிரி ஆயிருச்சு. மிதிச்சா பெடல் நேரா இறங்காது. சாஞ்சு கிளட்ச்சுக்கு அடியில மாட்டிக்கிடும்” என்றார் காசி.

“மாட்டினா?”

“மாட்டினா வண்டி எங்க நிக்கும்? இத வச்சு அவுக இம்புட்டு நாள் ஓட்டினதே பெருசு. குடிச்சவனால ஒரு நாள் ஓட்ட முடியாதுக்கா.”

காசி யாரையும் குத்திப் பேசுகிறவர் அல்லர். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் எனக்கென்றே சொல்லப்பட்டது.

உன்னை வீட்டில் கிடத்தியிருந்தபோது, வந்தவர்கள் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். “குடிச்சிருப்பான்” என்றேன். கேட்ட எல்லாரிடமும் சொன்னேன். நீ குடியை விட்டு ஏழு ஆண்டு ஆகியிருந்தது எனக்குத் தெரியாதா? உன் மனைவி முத்துலட்சுமி, “அவுக தொடல மதினி” என்று கதறியதும் காதில் விழத்தான் செய்தது. கூடப்பிறந்தவளே சொன்ன பிறகு ஊருக்கு வேறு சாட்சி எதற்கு?

ஏன் சொன்னேன்? புரட்டாசியில் நீ ஆபீஸ் அறை வாசலில் வந்து நின்றது நினைவிருக்கிறதா?

“அக்கா, பிரேக் பெடல் சாயுது. வெல்டிங் வைக்கணும்.”

“அப்ப வண்டியக் கழுவிக் காயப்போட்டு மூணு நாள் நிறுத்தணும்லே! சீசன்ல நிறுத்தினா ஆர்டர் அடுத்தவன் வண்டிக்குப் போயிரும். தீபாவளி கழியட்டும்.”

“நீ ஒரு நாள் மிதிச்சுப் பாரு, தெரியும்.”

“நான் எம்.ஏ. படிச்சது வண்டி மிதிக்கவாலே?”

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில், ஒரு தூறலில், ஏழாயிரம்பண்ணைக்கு வெற்று அட்டைப்பெட்டிகளை ஏற்றிப்போன வண்டி திருப்பத்தில் நிற்கவில்லை. செய்தி வந்த நொடியிலேயே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அதனால்தான் உன் பழைய குடியைத் தேடி எடுத்தேன். காசி எனக்குப் புதிதாக எதையும் கண்டுபிடித்துத் தரவில்லை.

பெடலைத் துணியில் சுற்றிக்கொண்டு முத்துவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“இத எங்கிட்ட ஏன் சொல்றீக? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. பள்ளிக்கூடத்துல எம் மகளக் ‘குடிகாரன் மக’ன்னு கூப்பிடுறாக. அன்னைக்கு யாரு யாருகிட்டச் சொன்னீகளோ, அவுககிட்டப் போய்ச் சொல்லுங்க மதினி.”

வீட்டுக்கு வந்து இதை எழுதி அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். முதலாண்டு நினைவுக்குப் படமும் மாலையும் கண்ணீர் வரிகளுமாகச் சுவரொட்டி அடிப்பது வழக்கமல்லவா? உன் சுவரொட்டியில் அவற்றுக்குப் பதிலாக இக்கடிதம் அச்சாகிறது. அச்சகக்காரர் படித்துவிட்டு, “இது வீட்டுக்குள்ள பேசிக்கிட வேண்டியதும்மா. நாலு வரி கவிதை போட்டுருவமா?” என்றார். “கவிதையில பிரேக் பெடல் வராது. இதையே அடிங்க” என்றேன்.

பெடலைக் காசி சரிசெய்துவிட்டார். ஓட்டையை அடைத்து, புதிதாகத் துளையிட்டு, பின்னும் ரப்பரும் மாற்றினார். அரை நாள் வேலை. காயவைத்த இரண்டு நாளையும் சேர்த்தால் இரண்டரை. நீ என்னிடம் கேட்டது அவ்வளவுதான். வண்டியை விற்ற பிறகு இந்த வீட்டில் எதைக் கணக்கிட்டு நான் நாளைக் கழிப்பேன் என்று தெரியவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ உடனே கொடுத்துவிடுவாய். அது எனக்கு வசதியாகப் போய்விடும். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நினைவு நாளன்று, சொந்தங்கள் பந்தியில் உட்காருவதற்கு முன், உன் மகளை அருகில் நிறுத்திக்கொண்டு இதை நானே வாய்விட்டுப் படிப்பேன். குரல் தடுமாறினால் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவேன். சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

உன்னைத் தீபாவளி கழியும்வரை பொறுக்கச் சொன்ன அக்கா,
சரஸ்வதி