வேறு ஊர்ப் பாம்பு

பண்ணைக்காடு,
3-8-2025

அன்புத் தம்பி ஜெயமுருகனுக்கு,

அக்கா லீலா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌகரியம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் பொய்தான் வரும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் கேட்டால் "மீட்டிங்க்கா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை.

கேட்க வந்தது ஒன்றுதான். மருந்து எந்த மட்டில் இருக்கிறது? உன் மச்சானைக் குழிவிரியன் கடித்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக விஷமுறிவு ஏற்றியும் இந்தப் பாம்புக்கு அது கேட்கவில்லை. பதினோரு நாள் கிடந்து, கால் விரல் இரண்டைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றுதான் நீ சொன்னாய், "இதுக்கு ஒரு மருந்தைக் கம்ப்யூட்டர்ல நானே வரைவேன்க்கா" என்று. மாத்திரைக் கம்பெனி வேலையையும் விட்டு இந்த ஆய்வகத்தில் சேர்ந்தாய்.

ஐப்பசியில் காப்பிப் பறிப்பு தொடங்கிவிடும். இருபது பேர் செடிக்குள் இறங்குவார்கள். கம்பால் தட்டிவிட்டு, முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இருந்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெரசா பதில் போடு.

அன்பு அக்கா,
லீலா


பெங்களூரு,
21-9-2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிடித்துவிட்டது! முதலில் இதைப் படி, மற்றதெல்லாம் பிறகு.

பாம்பு நஞ்சில் ஆளைக் கெடுப்பது சில புரதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், அதில் மேடு, பள்ளம். அந்தப் பள்ளத்தில் போய்க் கவ்விக்கொள்ளும் இன்னொரு புரதத்தைப் புதிதாக உருவாக்குவதுதான் என் வேலை. கணினி நாற்பதாயிரம் வடிவம் வரைந்து தள்ளியது. தொண்ணூற்றாறைப் பொறுக்கி ஆய்வகத்தில் செய்து பார்த்தோம். தொண்ணூற்று மூன்று எதற்கும் ஆகவில்லை. இரண்டு சும்மா தொட்டுவிட்டு விலகின. ஒன்று மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது, பதினேழாவது. அதற்கு 'பி.கே. 17' என்று பெயர் வைத்துவிட்டேன். பி.கே. என்றால் பண்ணைக்காடு. எங்கள் மேலாளரிடம் ஏதோ குறியீடு என்று சொல்லி வைத்தேன்.

படம் இணைத்திருக்கிறேன். சிவப்பு நஞ்சு, நீலம் நம்முடையது. இனி அந்தச் சிவப்பால் அசையவே முடியாது! மச்சானிடம் காட்டு. இதுவரை பார்த்தது எங்கள் ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் நஞ்சை வைத்து. வனத்துறை அனுமதி கிடைத்துவிட்டது, நம் மலைப் பாம்பின் நஞ்சு விரைவில் வரும். அதிலும் பார்த்துவிட்டு எலிகளுக்கு, பிறகு ஆட்களுக்கு. அதற்குச் சில வருஷம் ஆகும், ஆனால் அதெல்லாம் வழக்கமான வேலைதான். ஒரு வாரமாக என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை அக்கா.

உன் தம்பி,
ஜெயமுருகன்


பண்ணைக்காடு,
2-11-2025

அன்புத் தம்பிக்கு,

உன் படத்தைப் பெருமாள்மலைக்குக் கொண்டுபோய் லேமினேட் பண்ணிக் காப்பிக் கொட்டகையில் மாட்டிவிட்டேன். மச்சான் தன் ஜீப்பில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒன்று ஒட்டியிருக்கிறார். வாடகைக்கு ஏறுகிறவர்களுக்கெல்லாம் வழி நெடுக விளக்கம் நடக்கிறது. நீலம் எது, சிவப்பு எது என்று உன்னைவிட அவர் நன்றாகச் சொல்கிறார்.

பறிப்பு தொடங்கிவிட்டது. நம் முருகேஸ்வரியைத் தெரியுமே, கையும் ஓயாது, வாயும் ஓயாது. அவள்தான் ஆரம்பித்து வைத்தாள். "அக்கா, உங்க தம்பி மருந்து இருக்கையில எதுக்கு இந்தப் பூட்ஸு? சரிவுல வழுக்கிக்கிட்டே கெடக்கு" என்றாள். இப்போது பாதிப் பேர் வெறுங்காலோடுதான் இறங்குகிறார்கள். நானும் சத்தம் போடவில்லை. உன்னால் வந்த தைரியத்தை நானே கெடுப்பானேன்? இந்தப் பறிப்புக்குள் மருந்து வந்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம் மலை நஞ்சு வந்ததா? பார்த்தாயா? ஒரு வரி எழுது.

அக்கா,
லீலா


பண்ணைக்காடு,
30-11-2025

தம்பி,

முருகேஸ்வரியைப் பாம்பு கடித்துவிட்டது. வியாழக்கிழமை வெள்ளனே செடிக்குள் இறங்கியவள், கணுக்காலில் வாங்கிக்கொண்டாள். பூட்ஸ் போடவில்லை. மச்சான்தான் ஜீப்பில் போட்டுக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இவருக்கு நடந்த மாதிரியேதான். பாட்டில் ஏற்றியும் கேட்கவில்லை, மூத்திரம் நின்றுவிட்டது, டயாலிசிஸ் ஓடுகிறது. "அக்கா, தம்பி மருந்தை வரச் சொல்லுங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

உன்னை ஏழு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அதனால் ஸ்பீட் போஸ்டில் எழுதுகிறேன். ஒரு குப்பி அனுப்பு. டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். கையெழுத்து எங்கே கேட்டாலும் போடுகிறேன். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

லீலா


பெங்களூரு,
4-12-2025

அக்கா,

நீ கூப்பிட்ட ஏழு தடவையும் போன் என் கையில்தான் இருந்தது.

அனுப்ப மருந்து இல்லை. அது மருந்தாக இன்னும் ஆகவே இல்லை. நம் மலைப் பாம்பின் நஞ்சு வந்து, நவம்பர் எட்டாம் தேதி பார்த்தோம். பி.கே. 17 அதைப் பிடிக்கவில்லை. துளிகூட இல்லை. கணினியில் நான் வைத்து வரைந்தது வேறு ஊரில் பிடித்த பாம்பின் நஞ்சு. பாம்பின் பெயர் ஒன்றுதானே, நஞ்சும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அந்த மலையில் பிறந்த நானே அப்படி நினைத்தேன். நம் பாம்பில், நீலம் கவ்வ வேண்டிய பள்ளத்திலேயே மூன்று இடம் மாறியிருக்கிறது. ஒருத்தருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை இன்னொருத்தருக்கு மாட்டிப் பார்த்திருக்கிறேன்.

உன் கடிதம் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. பூட்ஸைக் கழற்றியதைப் படித்தேன். எட்டாம் தேதியே எழுத உட்கார்ந்தேன். அந்த மூன்று இடத்தையும் திருத்தி மறுபடி வரைந்துவிட்டால், தோற்றதையும் ஜெயித்ததையும் சேர்த்துச் சொல்லலாமே என்று தோன்றியது. உன்னிடம் வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்தது. தினமும் நாளைக்கு, நாளைக்கு என்று பத்தொன்பது நாள் போய்விட்டது. 'பூட்ஸ் போடச் சொல்லு' என்று மூன்று வார்த்தை எழுதியிருக்கலாம். என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூசுகிறது.

ஜெயமுருகன்


பண்ணைக்காடு,
21-12-2025

தம்பி,

முருகேஸ்வரி பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்துவிட்டாள். காலை இன்னும் ஊன்ற முடியவில்லை. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு மச்சான் கூட்டிப் போகிறார். மற்றவர்கள் பூட்ஸோடு பறிக்கிறார்கள்.

உன் கடிதம் வந்த அன்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ எதிரே இருந்திருந்தால் அறைந்திருப்பேன். பிறகு உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தால், சில வருஷம் ஆகும் என்று நீ எழுதித்தான் இருக்கிறாய். அந்த வரியை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே அது பிடிக்கவில்லை போலிருக்கிறது.

நேற்று இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முதலில் என் தப்பைச் சொன்னேன். பிறகு நீ எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தேன். முடித்ததும் ஒன்று கேட்டாள்.

"ஏங்க்கா, என்னைய பாம்பு கடிக்காம இருந்திருந்தா, உங்க தம்பி இதைச் சொல்லியிருப்பாருங்களா?"

சின்ன வயதிலிருந்து உனக்காக எத்தனையோ பேரிடம் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கு மட்டும் பதில் உன்னிடம்தான் இருக்கும். அதை எழுதி அனுப்பாதே, நான் படித்துக் காட்ட மாட்டேன். நீயே வா. அவள் எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல். முதலில் அவள் வீடு, அதற்கப்புறம்தான் அக்கா வீடு.

லீலா