சுருட்டுப் பெட்டியில் ப்ளூஸ்

அர்க்கன்சா, அமெரிக்கா, 8-1-1970

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

சம்பா அறுவடைக்கு வெளியூர் ஆட்களைக் கூட்டிவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. கூலியை உயர்த்தாமல் வயலில் இறங்க மாட்டோம் என்று ரெத்தினமும் நம் ஊர் ஆட்களும் சொல்லும்போது, வெளியாட்கள் வந்தால் அடிதடியாகும் என்பது மட்டும் தெரிகிறது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீங்கள் வடகம் வைத்து அனுப்பிய சுருட்டுப் பெட்டியை, எங்கள் நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் டிராக்டர் ஓட்டும் லீராய் கேட்டு வாங்கிக்கொண்டார். துடைப்பக் கம்பைப் பொருத்திக் கம்பி கட்டி, அதைக் கிதாராக்கிவிட்டார். உடைந்த பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டி, கம்பிமேல் வழுக்கியபடி ப்ளூஸ் என்கிற இந்த ஊர்ச் சோகப் பாட்டை வாசிக்கிறார். இன்று என்னிடமும் கொடுத்தார். வீணைப் பழக்கத்தில் அழுத்தினேன். கம்பி கட்டையில் இடித்துக் கரகரத்தது.

“என்னங்க டாக்டரம்மா, நெரிக்கிறீங்களே! சும்மா தொடுங்க, அதுவே பாடும்” என்று சிரித்தார். நான் நம்பவில்லை.

பெட்டியில் இன்னும் உங்கள் சுருட்டு வாசனை இருக்கிறது. இன்னொன்று அனுப்புங்கள், காலிப் பெட்டியானாலும் போதும்.

9-1-1970

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று காலை கிதாரை நெரிக்காமல் மெல்லத் தொட்டேன், பாடியது. உடனே போய் உங்களுக்குத் தந்தி கொடுத்தேன்: வெளியாட்கள் வேண்டாம், ரெத்தினத்தைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

சரசா