மெல்லும்போது மட்டும் நனையும் காது

அக்.6, திங்கள்
காலையிலிருந்து தூறல். உசிலம்பட்டி பஜாரில் ஆளில்லை. உரக்கடையில் பூச்சிமருந்து டப்பாக்களை அடுக்கினேன். மதியம் சாப்பிடும்போது மறுபடியும் இடது காது ஒழுகல், காலர்வரை. வாடையில்லை, தண்ணீர் மாதிரி. மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டும் பலனில்லை.

வீட்டில் மனைவி செல்வி என் தட்டையும் காதையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க மெல்லும்போதுதாங்க வருது. குளிச்சா வரல, படுத்தா வரல." எனக்கே தோன்றாதது.

அக்.9, வியாழன்
மதுரை ஆஸ்பத்திரி. செல்வி சொன்னதைக் கேட்ட டாக்டரம்மா ஊறுகாய் வாங்கிவரச் சொன்னார். "மெல்லுங்க சார்." காதுக்குள் கேமரா. திரையில், காதுத் துளையின் சுவரில் ஊசிமுனை அளவு ஓட்டை. ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று.

"சீழ் இல்ல, எச்சில். காதுக்கு முன்னால இருக்கிற சுரப்பியிலருந்து இங்க வழி விழுந்திருக்கு."

செல்விக்கு உள்ளுக்குள் பெருமை. காட்டிக்கொள்ளவில்லை.

அக்.13, திங்கள்
ஸ்கேன் வந்தது. ஆபரேஷன்தான். சுரப்பியின் மேல்பாதியை எடுத்து, ஓட்டையைச் சவ்வு வைத்து மூடுவார்கள். நடுவில் முகத்தை அசைக்கும் நரம்பு. "அதுல பட்டா வாய் கோணலாம், கண்ணு மூடாம போகலாம். கேரன்டி தரமாட்டேன்."

பரவையிலிருந்து செல்வியின் அண்ணன் போனில். "எச்சில்தான மாப்ள, பஞ்ச வச்சுட்டுப் போங்க. மூஞ்சி போச்சுன்னா?"

அவர் சொல்வதும் நியாயம். ஆனால் பந்தியில் உட்கார்ந்து எம்புட்டு நாளாச்சு. கடையில் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறேன்.

செல்வியைக் கேட்டேன். "மூஞ்சி உங்களோடது. நான் சொல்ல மாட்டேன்." கோபமா, பயமா? சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அக்.29, புதன்
ஆபரேஷன் நேற்று. தலையைச் சுற்றிக் கட்டு. டாக்டரம்மா: "கண்ண மூடுங்க." மூடியது. "பல்லக் காட்டுங்க." கீழுதடு இடது பக்கம் அசையவில்லை. செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நரம்பு அறுபடல. சோர்ந்திருக்கு. மெல்லமா வந்துரும்."

இட்லி. மெதுவாக மென்றேன். ஒழுகவில்லை. எழுதக்கூட பயம்.

நவ.9, ஞாயிறு
வெயில். தையல் பிரித்தாயிற்று. காது காய்ந்தே இருக்கிறது. உதடு பாதி வந்திருக்கிறது, சிரித்தால் தெரியும். கண்ணாடி முன்னால் முகச்சவரம். தழும்பைப் பார்க்க செல்வி பின்னால் வந்து நின்றாள்.

"வலிக்குதா?"

"எது?"

காது மடலைப் பிடித்திருக்கிறாள். தொட்டதே எனக்குத் தெரியவில்லை. அங்கே மரத்துவிட்டது, கடைசிவரை அப்படியே இருந்துவிடக்கூடும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். செல்வியிடம் சொன்னேன்.

கண்ணாடியில் பார்த்தேன். மடலை அவள் இன்னும் விடவில்லை.