சுவரில் போட்ட பென்சில் கோடு

புதுச்சேரி,
16-2-1958

சௌபாக்கியவதி தனக்கொடிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் வழக்கம், இந்த முறை உன் மகள் சுலோசனாவைத் தவிர எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டியிருக்கிறது. பதறாதே, ஆபத்து ஒன்றுமில்லை, முழுவதும் படி. ஜிபுத்தியில் வெயில் எப்படி, மாப்பிள்ளைக்கு மாற்றல் உத்தரவு வந்ததா என்பதற்கும் பதில் போடு.

நீ கப்பலேறும் சமயத்தில் கக்குவான் வந்ததால் எங்களிடம் விட்டுப்போன குழந்தை, சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறாள் என்று தீபாவளிக்கு எழுதியிருந்தேன். சேட்டை என்றும் எழுதியிருந்தேன். அது சேட்டை இல்லை. சமையலறை வாசலை ஒட்டிய சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்துவிட்டது. வேப்பெண்ணெய் பூசினேன், அதோடு சேர்த்துத் தின்றாள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று இரண்டரை வயதுக் குழந்தையை வளைக்கப் பார்த்து, ஒரு நாள் அவள் கையிலேயே அடித்தும் விட்டேன், விரல் பதியும்படி. பெரிதாக அழக்கூட இல்லை, சுருண்டு படுத்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே எந்நேரமும் படுக்கைதான், முகமும் வெளுத்துக்கொண்டு வந்தது. உன் நிறம் வருகிறது என்று அதற்குச் சந்தோஷப்பட்டவனும் நான்தான்.

பொங்கல் கழிந்து டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனோம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள். பெருமையாகவே சொன்னேன், கப்பலில் வருகிறவர்களிடம் நீ கொடுத்தனுப்பும் டின் பால் ஒரு நாளைக்கு ஆறு தடவை, அதில் நனைத்த ரொட்டி, பிஸ்கோத்து, என் காப்பியில் இரண்டு வாய். பாலுல இரும்புச் சத்து எங்கங்க இருக்குது, வயிறு முழுக்கப் பாலா ரொப்பி வெச்சா வேற எது உள்ள போவும், ரத்தத்துல இரும்பு கொறஞ்சி போயிதான் புள்ள செவுத்தத் திங்குது என்றாள்.

கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாம் என்று உன் அம்மா போன வருஷமே சொன்னாள். இருபத்தெட்டு வருஷம் மேரி என்கிற நகரசபை ஆபீசில் வெள்ளைக்காரனோடு வேலை பார்த்தவன் வீட்டில், டின்னாக அடுக்கி வைத்துக்கொண்டு கூழா என்று நான்தான் தடுத்தேன். பாத்திரம் தேய்க்க முதலியார்பேட்டையிலிருந்து வரும் அஞ்சலாட்சி கொல்லையில் உட்கார்ந்து கூழ் குடிக்கும்போதெல்லாம் சுலோ அவள் எதிரே போய் வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். நான் இழுத்துக்கொண்டு வருவேன். குழந்தைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இப்போது பால் இரண்டு டம்ளரோடு சரி, காப்பி கிடையவே கிடையாது. காலையில் கூழ், மத்தியானம் முருங்கைக்கீரை மசித்த சோறு, அதில் எலுமிச்சம்பழம் நாலு சொட்டுப் பிழிய வேண்டுமாம், அப்போதுதான் கீரையின் இரும்பு உடம்பில் சேருமாம். வாரம் இரண்டு நாள் ஆட்டு ஈரல். தேங்காய்த்திட்டிலிருந்து வரும் மீன்காரி கொடுக்கும் நெத்திலியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முள் பார்த்து நானே ஊட்டுகிறேன். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தாயிற்று, இரும்பு மருந்து தினமும் சொட்டுக் கணக்கில் நடக்கிறது. அதில் பல் கொஞ்சம் கறுக்கும், வந்து பார்த்துப் பயப்படாதே.

சுவரை நான் பூசவில்லை. பெயர்ந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன், ஆபீஸ் பழக்கம் போகவில்லை. இருபத்து மூன்று நாளாகிறது. முதல் வாரத்தில் இரண்டு இடத்தில் கோட்டைத் தாண்டியிருந்தது, அதற்குப் பிறகு இல்லை. நேற்று விளையாடிக்கொண்டிருந்தவள் அந்தச் சுவரருகே போய் நின்றாள். நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைத் தொடவில்லை. திரும்பி என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் ரத்தம் ஊறிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். இது மாற எத்தனை மாதம் ஆகும் என்று நான் யாரைக் கேட்பது?

சித்திரையில் வரும்போது டின் பால் கொண்டுவராதே, மறக்க வேண்டாம். திட்டுவதானால் என்னைத் திட்டி எழுது, உன் அம்மாவை ஒன்றும் சொல்லாதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
கலியபெருமாள்