யார் சொன்னது சாரமில்லை என்று?

என் செல்ல மணியண்ணா,

உன்மேல் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். இறந்து போனவர்களிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு நீ இன்னும் அண்ணாதான், அதனால் கோபப்படுவேன்.

உன் பேரில் நடக்கிற பாஸ்கெட்பால் டூர்ணமென்ட் இந்த வருஷமும் நடந்தது. நீ வேலை பார்த்த டிபார்ட்மென்டின் டீம்தான் ஜெயித்தது. சந்தோஷப்படாதே. செமிபைனலில் கூடைக்குத் துள்ளிய அனீஷ் என்ற எதிர் டீம் பையனின் காலுக்கடியில் உன் டீம் கேப்டன் போய்ப் புகுந்தான். மேலே போனவன் புரண்டு முதுகில் விழுந்தான். இன்னும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். ஸ்கோர் மேஜையில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ இதே மாதிரி விழுந்தபோதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று உனக்குப் பின்மண்டையில் அடி. அப்போது வெறும் சிமென்ட் தரை. எழுந்து உட்கார்ந்து, உன்னைச் சாய்த்தவனின் தோளைத் தட்டி, "சாரமில்லடா" என்றாய். வீட்டில் என்ன தமிழ் பேசினாலும் மைதானத்தில் நமக்கு வாயில் வருவது மலையாளம்தானே. 'பரவாயில்லை' என்பதை மலையாளத்தில் சொன்னாய், அந்த பௌலுக்குக் கிடைத்த இரண்டு ப்ரீத்ரோவையும் போட்டாய், ஆட்டோவில் வரும்போது வாந்தி எடுத்தாய். தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். மறுநாள் போய்விட்டாய்.

பாஸ்கெட்பால் சங்கத்தில் விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். "மணி தானே சாரமில்லன்னு சொன்னது? நாங்க எல்லாரும் கேட்டதல்லவா?" என்று முடித்துவிட்டார்கள். அடுத்த டூர்ணமென்டில் உன்னைச் சாய்த்தவன் ஆடினான். உன் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தையை வைத்து உன் கேஸையே மூடினார்கள்.

எதற்கு அண்ணா அப்படிச் சொன்னாய்? உன் தலைக்கு வேண்டுமானால் நீ மன்னிக்கலாம். அடுத்து குதிக்கப் போகிறவனின் தலைக்கும் சேர்த்து மன்னிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

முரட்டு ஆட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. உன் முழங்கை பட்டு எத்தனை பேருக்கு உதடு வீங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? பந்தைத் தட்டப் போய்க் கையில் அடிப்பது வேறு. கால் தரையில் இல்லாதவனுக்குக் கீழே புகுவது வேறு. அவன் எதைப் பிடித்துக்கொள்வான்?

சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் நிறைந்த இந்த ஊரில் சஸ்பென்ஷன் என்றால் என்னவென்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆபீஸில் மேலதிகாரியின் முகத்தில் ஒரு பைலை வீசினால் அன்று சாயங்காலமே ஆர்டர் கைக்கு வரும். நீங்களெல்லாம் டிபார்ட்மென்டுக்காக ஆடித்தானே சம்பளம் வாங்குகிறீர்கள்? உங்களுக்கு ஆடுகிற கோர்ட்தான் ஆபீஸ். அங்கே ஒருவனைத் தலைகுப்புறத் தள்ளினால் இரண்டு ப்ரீத்ரோவோடு சரியா?

அந்தக் கேப்டனை பைனலில் ஆட விடக் கூடாது என்று சங்கத்தில் போய்ச் சொன்னேன். மறுநாளே சுகுமாரன் சேட்டன் நம் வலியசாலை வீட்டுக்கு வந்துவிட்டார். உன்னோடு ஆடியவர், இப்போது டீம் மேனேஜர்.

"அவன் அறிஞ்சுகொண்டு செஞ்சதில்ல, மோளே. பாவம், ஜோலி இன்னும் ஸ்திரமாகல. சஸ்பென்ஷன் வந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அனீஷே சாரமில்லன்னு சொல்லியாச்சு, பின்னே என்ன?"

"விழுந்தவன்கிட்ட கேட்டா அப்படித்தான் சொல்லுவான், சேட்டா. எங்கண்ணா சொல்லலியா?"

காபியைத் தொடாமல் எழுந்து போனார். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால்தானே அடுத்தவன் காலுக்கடியில் புகுமுன் ஒருவன் யோசிப்பான்? அது ஏன் இவர்களுக்குப் புரியவில்லை?

அம்மா வேறு மாதிரி கேட்டாள். "விட்டுடேன்டி. வருஷத்துல ஒரு நாள் மைக்குல அவன் பேரைச் சொல்றா. அதையும் கெடுக்கணுமா?" அந்த ஒரு நாளுக்குத்தான் அவள் பெட்டியிலிருந்து பட்டுப்புடவை எடுக்கிறாள்.

அவன் பைனல் ஆடினான். ஜெயித்தான். எப்போதும் போலக் கோப்பையைக் கொடுக்க அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவன் குனிந்து அவள் காலைத் தொட்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் குழந்தையைப் பாத்தியோ?" என்று கேட்டாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

அவன் சுகுமாரன் சேட்டனைத் திரும்பிப் பார்த்தான். "இல்லம்மா, பிராக்டிஸ் உண்டாயிருந்து" என்றான். பிராக்டிஸ் இருந்ததாம்.

அம்மா கோப்பையை அவனிடம் கொடுக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். ஒருவரும் தடுக்கவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அழுதாள். நான் அழவில்லை, எனக்கு வந்த கோபத்துக்கு அழுகை போதாது.

சங்கத்திலிருந்து தினமும் போன் வருகிறது. கோப்பையை நாங்களே வைத்துக்கொள்ளலாமாம், அடுத்த வருஷம் உன் பேரை மட்டும் தந்தால் போதுமாம். தர மாட்டேன். குதித்தவனின் காலுக்கடியில் புகுந்தவனுக்கு சஸ்பென்ஷன் என்று அவர்கள் எழுத்தில் போடுகிறவரை எந்த மைக்கிலும் உன் பேர் வராது. இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

அந்தக் கேப்டன் பையன் பாவம், விட்டுவிடு என்று நீ சொல்வாய். தெரியும். இந்தத் தடவை உன்னைக் கேட்கப் போவதில்லை.

உன் சொல்லை மீறுகிற தங்கை,
லலிதா