நங்கூரம் மாட்டிக்கொண்ட இடம்

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்ற நம்பிக்கையிலேயே இதைத் தொடங்குகிறேன். அம்மாவின் முழங்கால் வலி 6ஆம் தேதியிலிருந்து குறைந்திருக்கிறது. இல்லை, 5ஆம் தேதியிலிருந்தே என்பது அவள் கட்சி.

நவம்பர் 3ஆம் தேதி கடற்கழியைத் தூர்வாரத் தொடங்குகிறார்கள். நீ இரண்டு ஆண்டுகள் தேடிய, மூழ்கிப்போன பழைய பாய்மரக் கப்பல் கிடக்கும் இடத்தை அதற்குள் காட்டாவிட்டால் இயந்திரம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். நீ வேலைக்காக அங்கே போனபின்பும் உன் தம்பி விடாமல் மூழ்கித் தேடுகிறான். சென்ற சனிக்கிழமை, 11ஆம் தேதி, நானும் படகில் இருந்தேன். இரும்பை உணரும் கருவி ஓரிடத்தில் அலறியது. கப்பலின் பீரங்கிதான் என்று எல்லோரும் துள்ளினோம். கீழே போன தம்பி முகம் தொங்க மேலே வந்து, நம்ம நங்கூரம்ப்பா, நீலப் பெயிண்ட்கூட போகல என்றான். சென்ற ஆண்டு நவம்பர் 23 அன்று, பாறையில் மாட்டிக்கொண்டது என்று நீ கயிற்றை அறுத்துவிட்டாயே, அதுவேதான். அன்றைய காற்றில் இடத்தைக் குறித்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. படகோட்டியோ, சொந்த வீட்டுக்குள்ளேயே கன்னம் வச்ச திருடன் நீதான் தம்பி என்று சிரித்துத் தீர்த்தார்.

தம்பிக்கு ரோஷம் வந்து, அதையாவது எடுத்து வருகிறேன் என்று மறுபடி இறங்கினான். நங்கூரம் அசையவில்லை. சேற்றை விலக்கினால் அது பாறையே இல்லை. கொக்கி ஒரு கனத்த மரத்தில் மாட்டியிருக்கிறது, பக்கத்தில் அதே வளைவில் இன்னும் இரண்டு. எதிலும் இரும்பாணி இல்லை, அந்தக் காலத்துக் கப்பல்களைப் போல எல்லாம் மர ஆணி. விலா எலும்பு மாதிரி வரிசையா நிக்குதுப்பா என்று சொல்லிவிட்டு, படம் எடுக்கக் கேமராவோடு மீண்டும் கீழே போனான்.

அது நீ தேடிய கப்பல்தான் என்று இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் நேற்று துறைமுக அதிகாரி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, 27ஆம் தேதிக்குள் முறையான அளவு வரைபடம் தந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தூர்வாரச் சொல்வதாக வாக்களித்தார். தம்பி வரைந்தால் கப்பல் கத்தரிக்காய் போல இருக்கும் என்கிறாள் அம்மா. ஆகவே விடுப்பு எடுத்துக்கொண்டு 20ஆம் தேதி, திங்கட்கிழமைக்குள் வந்து சேர். 21 என்றால் தாமதம்.

உனக்கு எல்லா நலமும் கூடிவரட்டும். மூழ்கும் உடையை மறக்காதே. தம்பி அந்த நங்கூரத்தில் கைவைக்க மறுக்கிறான். அக்கா விட்டது, அக்காவே வந்து கழட்டட்டும் என்கிறான்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா