நாலு விரல் சேவல்

மார்ச் 3

மகளுக்கு,

நலம். உன் நலம் கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

படித்த திமிரில் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் பள்ளிக்கூடம் போகாதவன்தான். பழைய புத்தகம் வாங்கிப் படித்தும் கோழி வளர்த்தும் தெரிந்துகொண்டவன். கோழிக்குக் காலில் நாலு விரல். ஐந்து விரலோடு குஞ்சு பொரித்தால், முட்டையிட்ட பெட்டையை அறுத்துவிடுவேன். குறை பெட்டையிடம்தான். நீ கையில் ஆறு விரலோடு பிறந்ததும் உன் அம்மாவை வீட்டை விட்டு அனுப்பியது அதனால்தான். என் வம்சத்தில் அப்படிக் கை கிடையாது. அவள் இன்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்பதற்காக அது மாறாது.

அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபம் வேண்டாம். என் வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். முட்டை ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, வளரும் குஞ்சைப் பார்ப்போம். கால் முதலில் வெறும் மொட்டு. அதன் பின்ஓரத்துச் செல்கள் ஒரு புரதத்தைச் சுரக்கும். எங்கே எந்த விரல், மொத்தம் எத்தனை என்று சொல்வது அதுதான். அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவுக்குத் தொலைவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறினால் முன்ஓரத்திலும் புரதம் சுரந்து, கூடுதல் விரல் முளைக்கும்.

அந்த மாற்றம் என் ரத்தத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு இல்லை. உங்கள் அக்காவுக்கு இருக்கிறது. அத்தை கையில் ஐந்து விரல்தான். சிலருக்கு வெளியே தெரியாது.

என்னை நம்ப வேண்டாம். உங்கள் சேவலைப் புதுப் பெட்டைகளோடு விட்டுப் பாருங்கள்.

அம்மா கேட்பது உங்கள் கையெழுத்தில் ஒரே வரி: "உன்மேல் தப்பில்லை." டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் மகள்

மே 10

மகளுக்கு,

அவசரம் என்றாய். நம் அவசரத்துக்கு முட்டை பொரிக்காது.

புதுப் பெட்டைகளை விட்டேன். எல்லா அடையிலும் ஐந்து விரல் குஞ்சு வந்தது. பழைய பெட்டைகளுக்கு வேறு சேவலைச் சேர்த்தேன். ஒன்றுகூட இல்லை. நீ சொன்னது சரி. அந்தச் சேவலுக்கு நாலு விரல்தான், அழகான சேவல். அறுத்துவிட்டேன். இத்தனை வருஷம் நல்ல பெட்டைகளை வீணாக்கியதில் எனக்கு வருத்தம்.

உன் அம்மாவுக்கு வரி கிடையாது. தப்பில்லாதவள், போ என்றதும் ஏன் போனாள்? கோழிக்குத்தான் வாயில்லை, அவளுக்குமா? வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

முட்டை ஓட்டை வெட்டினால் உள்ளே காய்ந்துபோகாதா? விவரமாக எழுது.

அப்பா

மே 21

ஐயா,

டேப் ஒட்டிவிடுவோம், காயாது. மற்றதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு ஒரு சொல்கூட விடாமல் படித்தேன். விட்டுப் படித்தால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

"பாவம், அந்தச் சேவல் என்ன பண்ணுச்சு?" என்றாள். பிறகு, "கேட்டேன்டி. உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு விடியற வரைக்கும் கதவைத் தட்டித் தட்டிக் கேட்டேன். உள்ள தாழ் போட்டுட்டு இருமிக்கிட்டே இருந்தாரு" என்றாள்.

நேற்று எல்லாம் முடிந்தது. உங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று சொன்னவள் நான்.

அவள் மகள்